மாவுக்கட்டு அறையில் தவறிப்போகிற நோய்

நான் இயன்முறை மருத்துவர். ஊரில் யாரும் அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடுவதில்லை. தன்னார்வலர் அக்காக்களுக்கு 'பிசியோ மேடம்', வயதானவர்களுக்கு 'எக்சசைஸ் சொல்ற பாப்பா'. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் வீடு வீடாகப் போவது என் வேலை. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி இந்தத் திட்டம் தொடங்கியதும் எங்களுக்குப் பக்கத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். ஊருக்குள் இருக்கும் தன்னார்வலர் அக்கா பிரஷரும் சுகரும் பார்த்து மாத்திரை கொடுப்பார். படுத்த படுக்கையாக இருப்பவர்களை நர்ஸ் பார்ப்பார். கை கால் வராதவர்கள் என் பட்டியலில் வருவார்கள்.

பட்டியலில் பெரும்பகுதி பக்கவாதம். அதற்கு அடுத்த கூட்டம், இடுப்பு எலும்பு முறிந்த பெண்கள். எப்படி விழுந்தீர்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்பேன். மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனேன், வாசல்படி தடுக்கியது. ராத்திரி ஒண்ணுக்குப் போக எழுந்தேன், தலை சுற்றியது. பாத்ரூம் வழுக்கியது. மாடியிலிருந்து விழுந்ததாகவோ வண்டி இடித்ததாகவோ யாரும் சொல்வதில்லை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து ஒருவருக்கு எலும்பு உடைகிறது என்றால், விழுந்ததை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. எலும்பு ஏற்கெனவே தாங்கும் நிலையில் இல்லை. ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. பிழைத்தவர்களிலும் பலர் பழைய நடைக்குத் திரும்புவதில்லை. அந்த மிச்ச நடையைத்தான் நான் வாக்கரோடு மீட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாரண்டஹள்ளி பக்கம் ஒரு ஆயா. வயது 68. மகன் பெங்களூரில் கட்டட வேலை, மருமகள்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது மஞ்சப்பையை. ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அதில்தான் இருக்கும், கூடவே ரேஷன் கார்டு ஜெராக்ஸ், காப்பீட்டு அட்டை, யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை. மொத்தத்தையும் கட்டிலில் கொட்டி, தேதி வாரியாக அடுக்குவேன். இந்தப் பழக்கத்துக்காக என்னை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் என்று கிண்டல் செய்பவர்கள் உண்டு.

ஆயாவின் பையில் முதலில் வந்தது ஒரு மணிக்கட்டு எக்ஸ்ரே. ஏழு வருடம் பழசு, ஓரம் மடங்கிப் போயிருந்தது. கூடவே ஓ.பி. சீட்டு: இடது மணிக்கட்டு முறிவு, மாவுக்கட்டு, ஆறு வாரம் கழித்து வரவும். தக்காளிக் கூடையை இறக்கி வைக்கும்போது பின்னால் சாய்ந்து கையை ஊன்றினாராம். அடுத்தது மூன்று வருடத்துக்கு முந்தைய முதுகு எக்ஸ்ரே. நெஞ்சுப்பகுதி முதுகெலும்பின் கடைசிக் கட்டை முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகியிருந்தது. கண்ணுக்கு நன்றாகவே தெரிகிறது. அதற்கு ஒரு வலி ஊசி, பதினைந்து நாளைக்குக் கால்சியம் மாத்திரை, இடுப்புக்கு பெல்ட். அப்புறம் சுகர், பிரஷர் நோட்டு. மாதா மாதம் தவறாமல் எழுதியிருக்கிறார்கள். கடைசியாக, இடுப்பில் ஆணி வைத்து அறுவை சிகிச்சை செய்த டிஸ்சார்ஜ் சம்மரி.

அந்தப் பையை வைத்துக்கொண்டு ஆயாவை அரசு மருத்துவம் எட்டவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஏழு வருடமாக எட்டிக்கொண்டேதான் இருந்தது. மணிக்கட்டைச் சேர்த்துவைத்தது, முதுகு வலியை அடக்கியது, சுகரைக் கட்டுக்குள் வைத்தது, கடைசியில் இடுப்புக்கு ஆணியும் இலவசமாக வைத்தது. எலும்பு ஏன் உடைந்தது என்ற கேள்வியை மட்டும் எந்தச் சீட்டிலும் யாரும் எழுதவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா ஏதாச்சும் பாத்திருப்போம்ல மேடம்?" என்று மருமகள் கேட்டார்.

எலும்புப்புரை வலிக்காது. மூட்டுத் தேய்மானம் போல நடக்கும்போது காட்டிக்கொடுக்காது. முதுகெலும்புக் கட்டை நசுங்குவதுகூட மூன்றில் இரண்டு பேருக்குத் தெரியாமலேயே நடந்துவிடுகிறது. 'வயசாச்சு, கூன் விழுது' என்று விட்டுவிடுவார்கள். அதனால் நோய் முதன்முதலில் வாய்திறப்பது பெரும்பாலும் மணிக்கட்டில்தான். ஐம்பது, அறுபதுகளில் இருக்கும் பெண் தடுமாறும்போது கையை ஊன்றுகிறாள், மணிக்கட்டு போகிறது. அடுத்து முதுகு. எழுபதை நெருங்கும்போது கையை ஊன்றும் வேகம் குறைந்துவிடும், பக்கவாட்டில் விழுவார்கள், இடுப்பு போகும். ஒரு முறிவுக்குப் பிறகு அடுத்த முறிவுக்கான ஆபத்து முதல் இரண்டு வருடங்களில்தான் மிக அதிகம். மாவுக்கட்டைப் பிரித்து 'சரியாயிடுச்சு, போய்ட்டு வாங்க' என்று அனுப்புகிற நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடுகிறது.

'கிராமத்தில் டெக்சா மெஷின் இல்லையே, எப்படிக் கண்டுபிடிப்பது?' என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். டெக்சா நல்ல கருவிதான். கதிர்வீச்சு மிகக் குறைவு. இடுப்பிலும் முதுகிலும் எலும்பின் அடர்த்தியை அளந்து, இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு ஒரு எண் தரும். அந்த எண் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே போனால் எலும்புப்புரை என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வரையறுத்தது. ஆனால் நின்ற இடத்தில் விழுந்து இடுப்போ முதுகெலும்போ உடைந்த ஒரு பெண்ணுக்கு அந்த எண் வந்துதான் நோய் இருக்கிறது என்று தெரிய வேண்டுமா? உடைந்ததே போதும். மணிக்கட்டு உடைந்தவர்களுக்கு மேற்கொண்டு பரிசோதனை வேண்டும், அது வேறு. அவர்களை யார் கூப்பிட்டுச் சொல்வது என்பதுதான் கேள்வி.

1999 வாக்கில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இதற்கு ஒரு எளிய வழி கண்டுபிடித்தார்கள். முறிவோடு வரும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எல்லாரையும் ஒரு நர்ஸ் பட்டியல் எடுத்து, எலும்புப் பரிசோதனைக்குக் கூப்பிட்டு, மருந்து தொடங்கும் வரை விடாமல் பின்தொடர்வார். அவ்வளவுதான். அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. இதில் எதுவும் நம்மிடம் இல்லாததல்ல. டி.பி.க்கு நாம் செய்வது இதைத்தானே? சளியில் கிருமி தெரிந்த நாளிலிருந்து ஆளை விடுவதில்லை. மாத்திரை நின்றால் வீட்டு வாசலுக்கே போகிறோம். மணிக்கட்டு முறிந்தவரை மட்டும் கட்டுப் போட்டு பஸ் ஏற்றி விடுகிறோம்.

இன்னொரு பிரச்சினை, எல்லா முறிவும் ஜி.எச்.சுக்கு வருவதில்லை. கை ஒடிந்தால் புத்தூர் கட்டு என்று ஆந்திரா பக்கம் போவது எங்கள் மாவட்டத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் பழக்கமான விஷயம். உள்ளூரிலும் முட்டை வெள்ளையும் துணியும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டுகிற வைத்தியர்கள் உண்டு. எனக்கு அவர்கள் மேல் பகை இல்லை. ஆனால் அங்கே போனவருக்குச் சீட்டும் இல்லை, எக்ஸ்ரேயும் இல்லை. ஆகவே பட்டியல் என்றால் மாவுக்கட்டு அறையின் ரிஜிஸ்டர் மட்டும் போதாது. 'அம்பது வயசுக்கு மேல எங்கயாச்சும் எலும்பு ஒடஞ்சுதா, கட்டுப் போட்டீங்களா?' என்ற ஒரு கேள்வியைத் தன்னார்வலர் அக்கா வாசலில் கேட்டாக வேண்டும். கூடவே இரண்டு கேள்விகள். கர்ப்பப்பை எடுத்தாச்சா, எந்த வயதில், சினைப்பையையும் சேர்த்து எடுத்தார்களா? நாற்பது வயதுக்குள் எடுத்துவிட்ட பெண்கள் இங்கே ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். சினைப்பையும் போனால் எலும்பைக் காத்த ஹார்மோன் அன்றோடு நின்றுவிடும். அடுத்தது, மூச்சிளைப்புக்கோ மூட்டு வலிக்கோ மாதக்கணக்கில் ஏதாவது மாத்திரை சாப்பிட்டார்களா? 'ஒரே நாள்ல வலி போயிடுச்சு' என்று சொல்லும் பேர் தெரியாத பொட்டல மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது புதுச் செய்தி அல்ல. தொடர்ந்து மூன்று மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டாலே எலும்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உயரத்துக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்த பரிசோதனை இது. செலவே கிடையாது.

சுகர், பிரஷர் நோட்டில் உயரத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். எடையோடு சேர்த்துக் கணக்குப் போட முதல் தடவை அளப்பார்கள். அதற்குப் பிறகு எல்லாப் பக்கத்திலும் அதே எண்தான். வளர்ந்த மனுஷியின் உயரம் மாறாது என்ற நம்பிக்கையில், முந்தைய பக்கத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். ஆனால் மாறும். முதுகெலும்புக் கட்டைகள் நசுங்க நசுங்க ஆள் குட்டையாவார். இளவயது உயரத்திலிருந்து 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, நாம் அளந்த இரண்டு அளவுகளுக்கிடையே 2 சென்டிமீட்டர் குறைந்தாலோ முதுகுக்கு ஒரு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பழைய உயரம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதற்கும் வழி இருக்கிறது. இரண்டு கையையும் சிலுவை மாதிரி விரிக்கச் சொல்லி நடுவிரல் நுனியிலிருந்து நுனி வரை அளந்தால், கிட்டத்தட்ட இளவயது உயரம் கிடைத்துவிடும். கை எலும்பு சுருங்குவதில்லை. கை வீச்சு உயரத்தைவிட மூன்று சென்டிமீட்டர் கூட இருப்பது சாதாரணம். ஏழு, எட்டு என்று போனால் எனக்கு உறுத்த ஆரம்பித்துவிடும்.

மாத்திரை வாங்க வருகிற நாளில் ஒரு தன்னார்வலர் அக்காவோடு சேர்ந்து அளந்து பார்த்தேன். டெய்லர் டேப், ஒரு சுவர், தலைமேல் வைக்க அவர் மகனின் கணக்கு நோட்டு. தெருவே வேடிக்கை பார்த்தது. "என்ன பாப்பா, எங்களுக்கு மறுபடியும் மாப்பிள்ளை பாக்கறயா?" என்று ஒரு ஆயா கேட்க, "பாத்தாலும் பாப்பாங்க, நிமிந்து நில்லு" என்றார் இன்னொருவர். நிமிர்ந்துதான் நின்றார். குதிகாலும் முதுகும் சுவரில் ஒட்டியிருந்தன. தலையின் பின்பக்கம் மட்டும் சுவரைத் தொடவே இல்லை. என் விரல்களை இடையில் விட்டேன், தாராளமாகப் போயின. அதுவும் ஒரு பரிசோதனைதான். தலை சுவரில் படவில்லை என்றால் நெஞ்சுப்பகுதி முதுகெலும்பு நசுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றால் இடுப்புப் பகுதிக் கட்டைகளைச் சந்தேகிக்க வேண்டும். 2004-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு இவற்றோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துச் சொன்னது. எடை 51 கிலோவுக்குக் கீழே, வாயில் இருபது பல்லுக்கும் குறைவு. எங்கள் ஊரில் பல்லை எண்ண ஆரம்பித்தால் பாதித் தெரு தேறிவிடும் என்பதால் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

ஒல்லியாக இருப்பது இந்த நோய்க்கு நேரடிக் காரணங்களில் ஒன்று. 2001-ல் எட்டு ஆசிய நாடுகளின் பெண்களை வைத்து ஒரு கணக்கு உருவாக்கினார்கள், இந்தியா அதில் இல்லை. மாதவிடாய் நின்ற பெண்ணின் எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2-ஆல் பெருக்க வேண்டும். மைனஸ் 4-க்கும் கீழே வந்தால் ஆபத்து அதிகம். எனக்குப் பெருக்கல் வராது, நேராகச் சொல்கிறேன்: வயதிலிருந்து எடையைக் கழியுங்கள், 20-க்கு மேல் வந்தால் கவனியுங்கள். 66 வயது, 42 கிலோ என்றால் 24. அந்தத் தெருவில் அறுபதைத் தாண்டியவர்களில் இதில் மாட்டாதவர்கள் குறைவு. எல்லாரையும் உடனே ஸ்கேனுக்கு அனுப்ப முடியாது. ஆனால் எடையும் வயதும் எல்லா நோட்டிலும் ஏற்கெனவே இருக்கின்றன, யாரும் கழித்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம். இங்கிலாந்தில் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு முதலில் ஒரு கேள்வித்தாள் அனுப்பி, அதில் ஆபத்து அதிகம் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் டெக்சா எடுத்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: இடுப்பு முறிவு 28 சதவீதம் குறைந்தது. கேள்விதான் முதலில், மெஷின் அப்புறம்.

தர்மபுரிக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது, வேறு ஊர் வழிகாட்டியை அப்படியே இங்கே எடுத்து வைக்க முடியாது. ஃபுளோரைடு.

எங்கள் பக்கம் ஐம்பது வயதுக்காரர் சிரித்தால் தெரியும், பல்லில் பழுப்புக் கோடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடுதான் ஏற்கத்தக்க அளவு, வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரநிலை. எங்கள் போர் தண்ணீர் பல ஊர்களில் அதைத் தாண்டியது என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். காவிரித் தண்ணீர் வந்தது நல்லது. ஆனால் இன்று அறுபது வயதில் இருப்பவர் தன் ஆயுளில் பெரும்பகுதி போர் தண்ணீரைக் குடித்துத்தான் வளர்ந்தார். அந்த ஃபுளோரைடு எலும்புக்குள்தான் இருக்கிறது.

ஃபுளோரைடு படிந்த எலும்பு எக்ஸ்ரேயில் வெள்ளைவெளேர் என்று கெட்டியாகத் தெரியும். டெக்சாவிலும் அடர்த்தி நன்றாக இருப்பதாகவே எண் வரும், முக்கியமாக முதுகில். ஆனால் கெட்டி என்பது வேறு, வலு என்பது வேறு. இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. ஒரு காலத்தில் எலும்புப்புரைக்கு ஃபுளோரைடையே மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் 1990-ல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வருடம் சோடியம் ஃபுளோரைடு சாப்பிட்ட பெண்களின் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் கூடியிருந்தது. அதே பெண்களுக்கு முதுகல்லாத மற்ற எலும்புகள் உடைவது அதிகமானது. எண் ஏறியது, எலும்பு உடைந்தது. எங்கள் மாவட்டத்தில் ஒரு பெண் மூவாயிரமோ நாலாயிரமோ செலவு செய்து வெளியூர் போய் ஸ்கேன் எடுத்து, 'நார்மல்' என்ற சீட்டோடு திரும்பி வந்தால், அவருக்கு ஏற்கெனவே முறிவு இருந்தால், நான் முறிவைத்தான் நம்புவேன்.

அதே மணிக்கட்டு எக்ஸ்ரேயில் இதற்கும் ஒரு தடயம் இருக்கும். முன்கையில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஒரு சவ்வு உண்டு. ஃபுளோரைடு பாதிப்பு முற்றியவர்களுக்கு அந்தச் சவ்வில் சுண்ணாம்பு படிந்து, எலும்பின் ஓரத்தில் முள் முள்ளாகத் தெரியும். மாரண்டஹள்ளி ஆயாவின் பழைய எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது லேசாக இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது. அதைப் படித்துச் சொல்ல வேண்டியது ரேடியாலஜி மருத்துவர், நான் அல்ல. ஆனால் ஒரே படத்தில் இரண்டு சேதி இருக்கிறது. படம் எடுப்பதற்கு ஆன செலவும் ஏற்கெனவே ஆகிவிட்டது.

மூன்றாவதாக இன்னொன்று கலந்து வரும்: வைட்டமின் டி பற்றாக்குறையால் எலும்பு மிருதுவாகிப்போவது. 'நாள் பூரா வெயில்லதான மேடம் இருக்கோம்' என்பார்கள். இருக்கிறார்கள். புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலைக்குத் துண்டு, அதற்கு மேல் வெயில். இந்த நோயில் தொடைச் சதை பலவீனமாகி, தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றிக்கொண்டு எழுவார்கள். வலியும் இருக்கும். ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் (எலும்பிலிருந்தும் லிவரிலிருந்தும் வரும் ஒரு நொதி) பார்த்தால் கூடியிருக்கும், பாஸ்பரஸ் குறைந்திருக்கும். வெறும் எலும்புப்புரையில் இவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஃபுளோரைடிலும் ஆல்கலைன் பாஸ்படேஸ் கூடலாம். ஆகவே முறிவோடு வந்தவருக்குக் கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்படேஸ், சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் நான்கையும் பார்த்துவிட்டால் மருத்துவருக்குப் பாதை பிரிந்துவிடும். இவை ஒன்றும் அபூர்வமான பரிசோதனைகள் அல்ல. வைட்டமின் டி குறையைச் சரிசெய்யாமல் எலும்புப்புரை மருந்தைத் தொடங்கினால் ரத்தக் கால்சியம் இறங்கிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

இடையில் ஒரு புலம்பல். அக்டோபர் 20 உலக எலும்புப்புரை தினம். அதை ஒட்டி எங்காவது ஒரு கல்யாண மண்டபத்தில் 'இலவச எலும்பு அடர்த்தி முகாம்' நடக்கும். குதிகாலை ஒரு சின்ன மெஷினுக்குள் வைப்பார்கள். அது அல்ட்ராசவுண்டு, டெக்சா அல்ல. ஆபத்து கூடுதலா என்று தோராயமாகச் சொல்லலாம், நோய் இருக்கிறது, இல்லை என்று அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. முகாமில் அதெல்லாம் யார் சொல்கிறார்கள்? சிவப்பு நிறத்தில் ஒரு எண்ணை அச்சடித்துக் கொடுப்பார்கள், பக்கத்து மேசையில் கால்சியம் டப்பா இருக்கும். முப்பத்தைந்து வயதுப் பெண் பயந்துபோய் மூன்று டப்பா வாங்கிக்கொண்டு போவார். கூன் விழுந்த அவர் மாமியார் மண்டபத்துக்கு வரவே முடியாமல் வீட்டில் இருப்பார்.

கால்சியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2020 பரிந்துரை. 100 கிராம் ராகியில் 300-க்கு மேல் இருக்கிறது. எங்கள் ஊர் ஆயாக்கள் களி தின்று வளர்ந்தவர்கள்தான். இப்போது ரேஷன் அரிசிச் சோறும் ரசமும் ஆகிவிட்டது. மெல்லும் பல் இல்லாதவருக்குக் களி நல்ல சாப்பாடு, மருமகளுக்கு மட்டும் கிளறக் கை வலிக்கும். ஆனால் ஏற்கெனவே உடைந்த எலும்புக்குக் களியும் கால்சியமும் மட்டும் போதாது. மருந்து வேண்டும்.

வாரம் ஒரு முறை சாப்பிடும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை பல காலமாக இருக்கிறது. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறைய வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல், வேறு எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். விடிந்ததும் டீ குடிக்காமல் வாசலுக்கே வராத எங்கள் ஊரில் இது நடக்கிற காரியமா? சிலரிடம் நடக்கிறது, மருமகள் கெட்டிக்காரியாக இருந்தால். வருடத்துக்கு ஒரு முறை டிரிப்ஸில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் எங்களுக்குத் தோதானது என்பது என் அபிப்பிராயம். சிறுநீரகமும் கால்சியமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வருடத்தில் ஒரு நாள் வரச்சொன்னால் வந்துவிடுவார்கள். மருந்து எழுதுவது என் வேலை அல்ல. ஆனால் எழுதிய மருந்தை யார் சாப்பிடுகிறார்கள், யார் பரண்மேல் போடுகிறார்கள் என்று வீட்டுக்குள் போகிற எனக்குத் தெரியும்.

எனக்கும் இதில் ஒரு சொந்தக் கணக்கு இருக்கிறது. முதுகு வலி என்று வருகிறவரின் கட்டை நசுங்கியிருப்பது தெரியாமல், குனிந்து கால் கட்டைவிரலைத் தொடும் பயிற்சியை யாராவது சொல்லிக்கொடுத்தால் அடுத்த கட்டையும் நசுங்கும். அவர்களுக்கு வேண்டியது முதுகைப் பின்னால் நிமிர்த்துகிற பயிற்சி, தொடைக்கு வலு, ஒற்றைக்காலில் நிற்கிற பழக்கம். களை எடுக்கவும் கடலை பறிக்கவும் குனியத்தான் வேண்டும் என்பவரிடம், இடுப்பிலிருந்து மடங்கிக் குனிவது எப்படி என்று சொல்லித்தர வேண்டும். நோய் என்னவென்று பெயர் தெரிந்தால்தானே இதெல்லாம்.

வட்டாரக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது முதலில் வந்த கேள்வி, "இதுக்கு ஒரு ரிஜிஸ்டரா மேடம்?" நியாயமான பயம். தன்னார்வலர் அக்காவும் கிராம சுகாதார செவிலியரும் ஏற்கெனவே சுமக்கிற ரிஜிஸ்டர்களை அடுக்கினால் அதுவே ஒரு பீரோ ஆகும். புது ரிஜிஸ்டர் வேண்டாம் என்றேன். நோட்டில் உயரக் கட்டத்தை வருடத்துக்கு ஒரு முறை நிஜமாக அளந்து எழுதினால் போதும். அளக்கக் கருவி இல்லை என்றார்கள். இருக்கிறது. போஷன் ஊட்டச்சத்துத் திட்டத்தில் குழந்தைகளை அளக்க அங்கன்வாடிக்குக் கொடுத்த ஸ்டேடியோமீட்டரில் ஆயாவும் நிற்கலாம். அங்கன்வாடி டீச்சரைக் கேட்டோம். "கொழந்தைங்க தூங்கற நேரத்துல வாங்க" என்றார்.

மாவுக்கட்டு அறைக்கு நான் செய்தது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் செய்து வாங்கினேன். '50 வயதுக்கு மேல், நின்ற நிலையில் விழுந்து முறிவு, எலும்பு வலு பரிசோதனை தேவை' என்று மூன்று வரி. கட்டுப் போடும் அண்ணனிடம் கொடுத்து, வயதைக் கேட்டு ஓ.பி. சீட்டில் குத்தச் சொன்னோம். எலும்பு டாக்டர் சம்மதித்தார். சீட்டின் பின்பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து அந்த அண்ணன் எனக்கு அனுப்பிவிடுவார். நான் அந்த ஊர்த் தன்னார்வலருக்கு அனுப்புவேன். ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்க வரும் அன்றே ரத்தப் பரிசோதனையும் முதுகு எக்ஸ்ரேயும் முடிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. இன்னொரு நாள் கூலியை விட்டு வரச்சொன்னால் யாரும் வரமாட்டார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். அந்த அண்ணன் லீவு போட்டால் ஸ்டாம்பும் லீவு. ஆண்களுக்குக் குத்துவதா என்று ஒரு சந்தேகம் வந்தது; குத்துங்கள், ஆண்களுக்கும் இது வரும், வந்தால் பெண்களைவிட மோசமாகப் போகிறது என்றேன். வண்டியில் போய் விழுந்தவர்களுக்கும் சேர்த்துக் குத்திவிட்டார், அதைப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. ஆல்கலைன் பாஸ்படேஸ் சீட்டில் எழுதினால் லேபில் 'லிவருக்கா?' என்று கேட்டு முழு லிவர் டெஸ்டும் எடுத்துவிடுகிறார்கள். எடுக்கட்டும், எனக்கு வேண்டிய எண் அதற்குள் இருக்கிறது. பாஸ்பரஸ்தான் இழுபறி. அடுத்த கூட்டத்தில் அதைத்தான் கேட்கப்போகிறேன், கூடவே இரண்டாவது ஸ்டாம்பும் ஒரு இங்க் பேடும்.